கம்பியின் கடைமடை: மின்தடையும் மின்சக்தியும் கணக்கிடும் விதம்

சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டுக்குக் கிழக்கே, ஒரு புறம் வங்கக் கடலும் மறு புறம் ஏரியுமாக நீண்டு கிடக்கும் மணற்றிட்டில் லைட்ஹவுஸ் குப்பம் என்னும் மீனவர் ஊர் அமைந்துள்ளது. கப்பல்களுக்கு வழிகாட்டப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கத்தினால் ஊருக்கு இப்பெயர் வந்தது. ஏரிக்கு மேற்கே பொன்னேரித் தாலுகாவின் நெல் வயல்களும் கிணறுகளும் உள்ளன. இவ்விரு வகை ஊர்களுக்கும் பொதுவான ஒரு துன்பம் உண்டு. ஆற்றுப் பாசனத்தில் தலைமடைக்காரர் வயல் நிறைந்த பின்னரே கடைமடைக்கு ஜலம் எட்டுவதைப் போல, மின்சாரக் கம்பிக்கும் கடைமடை ஒன்று உண்டு. அங்கே மாலை வேளையில் விளக்கு மங்கும். விசிறி மெல்லச் சுழலும். பம்பின் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றுவிடும். உப்புக் காற்று வீசும் கடலோரத்திலோ இத்துன்பம் இரு மடங்காகிறது.

இத்தகைய ஊர்களிலிருந்து எழுதப்படும் மனுக்களில் "மின்சாரம் போதவில்லை" என்னும் ஒரே வாக்கியந்தான் பெரும்பாலும் காணப்படும். எவ்வளவு போதவில்லை, எவ்விடத்தில் குறைகிறது, கம்பி சிறுத்ததனாலா அல்லது இணைப்பு கெட்டதனாலா என்பவற்றை அவ்வாக்கியம் கூறுவதில்லை. வோல்ட்மீட்டர் ஒன்றும் ஆம்பியர்மீட்டர் ஒன்றும் காட்டும் இரண்டு எண்களைக் கொண்டு, பள்ளிக்கூடத்துப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் இவற்றிற்கு விடை காணலாம்.

மின்சாரத்தில் அறிய வேண்டியவை நான்கு. மின்சாரத்தைக் கம்பியில் தள்ளும் அழுத்தம் வோல்ட் என்னும் அளவினால் குறிக்கப்படும். தொட்டியின் ஜலமட்டம் வாய்க்காலைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகத்தில் ஜலம் தள்ளப்படுவதை இதற்கு ஒப்பிடலாம். கம்பியில் ஓடும் ஓட்டத்தின் அளவு ஆம்பியர். ஓட்டத்திற்கு உண்டாகும் தடை ஓம். அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்து ஒவ்வொரு விநாடியும் செய்யும் வேலையின் அளவு வாட். 746 வாட் கொண்டது ஒரு குதிரைச் சக்தி. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் செலவாவதே மின்சாரக் கணக்கில் ஒரு யூனிட்.

வாய்க்கால் உவமை ஓரிடத்தில் பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வாய்க்காலின் ஜலம் வழியில் கசிந்து குறையும். கடைமடைக்கு வரும் ஓட்டம் தலைமடையில் புகுந்ததைவிடச் சிறியது. கம்பியில் அப்படியன்று. நடுவில் எவரும் இணைப்பு எடுக்காவிட்டால் டிரான்ஸ்பார்மரிலிருந்து புறப்பட்ட ஆம்பியர் குறையாமல் கடைசிக் கம்பம் வரை வந்து, மறு கம்பி வழியாக அப்படியே திரும்பிச் செல்லும். வழியில் குறைவது வோல்ட். ஆகையால் கடைமடைக்காரர் "கரண்ட் குறைவு" என்று சொல்லும்போது உண்மையில் குறைந்திருப்பது அழுத்தம்.

இந்நான்கிற்கும் உள்ள சம்பந்தத்தில் முதற்பாதியைக் கண்டறிந்தவர் ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளியாசிரியராயிருந்த கேயார்க் சைமன் ஓம் என்பவர். அவர் காலத்து மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்பதில்லை, அளந்துகொண்டிருக்கும்போதே மாறிவிடும். அதனால் அவர் இரு வேறு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அவ்வெப்ப வேற்றுமையினால் பிறக்கும் நிலையான மின்சாரத்தைக் கொண்டு வெவ்வேறு நீளக் கம்பிகளைச் சோதித்தார். 1827-இல் அவர் வெளியிட்ட நூலை அந்நாட்டார் முதலில் மதிக்கவில்லை. 1841-இல் லண்டன் ராயல் சொஸைட்டி அவருக்குக் கோப்லி பதக்கம் அளித்தது. கம்பியில் பிறக்கும் உஷ்ணம் ஓட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப ஏறும் என்னும் மறுபாதியை இங்கிலாந்தில் ஜூல் என்பவர் நிறுவியதும் அதே 1841-இல்தான்.

கணக்கு விதிகள் வருமாறு:

வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம்
வோல்ட் × ஆம்பியர் = வாட்
ஆம்பியர் × ஆம்பியர் × ஓம் = உஷ்ணமாக மாறும் வாட்

மூன்றாவது தனி விதியன்று. முதலிரண்டையும் சேர்த்தால் தானே கிடைப்பது. எனினும் விவசாயிக்கு மிகவும் பயன்படுவது அதுவே.

நீர் காய்ச்சும் மின்சுருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது 4.35 ஆம்பியர் இழுக்கிறது. இரண்டையும் பெருக்க 1,000 வாட். வகுக்க ஏறக்குறைய 53 ஓம். இச்சுருளையே கடைமடை வீட்டிற்குக் கொண்டுபோய் 180 வோல்ட்டில் இணைத்தால் தடை பெரிதும் மாறாது. ஓட்டம் 180 ÷ 53, அதாவது 3.4 ஆம்பியராகும். சக்தியோ 180 × 3.4 = 612 வாட். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு சிறிது கூடுதலாகக் குறைந்திருக்க, சக்தி ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. தலைமடை வீட்டில் பத்து நிமிஷத்தில் காயும் ஜலம் கடைமடையில் பதினாறு நிமிஷத்திற்கு மேல் பிடிக்கும். வோல்ட்டும் குறைகிறது, அதனால் ஆம்பியரும் குறைகிறது, குறைந்த இரண்டையும் பெருக்குவதால் நஷ்டம் இரட்டிக்கிறது என்பதே இதன் காரணம்.

இனி, குறைந்த வோல்ட் எங்கே போயிற்று என்று பார்க்கலாம். எந்தக் கம்பியும் தடையற்றதன்று. ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனும் ஒரு கிலோமீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பிக்குச் சுமார் 17 ஓம் தடையுண்டு. அதே அளவு அலுமினியக் கம்பிக்குச் சுமார் 28 ஓம். பருமன் இரட்டித்தால் தடை பாதியாகும். நீளம் இரட்டித்தால் தடையும் இரட்டிக்கும். கிராமத்துக் கம்பங்களில் கட்டப்படுவது எஃகு நடுவிழை கொண்ட அலுமினியக் கம்பி. இவ்வகைக் கம்பிகளுக்குப் பிராணிகளின் பெயரை இட்டு வழங்குவது மின்சாரத் துறையின் வழக்கம். ஸ்குவிரல் எனப்படும் அணில் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 1.4 ஓம் தடை. ராபிட் எனப்படும் முயல் கம்பிக்குச் சுமார் 0.55 ஓம்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரத்தில், மணற்றிட்டின் ஓரத்தில், ஒருமுனை மின்சாரம் பெறும் வீடுகளின் கூட்டம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மாலையில் அவ்வீடுகள் எல்லாம் சேர்ந்து 20 ஆம்பியர் இழுக்கின்றன. போவதற்கு அரைக் கிலோமீட்டரும் திரும்புவதற்கு அரைக் கிலோமீட்டருமாகக் கம்பியின் நீளம் ஒரு கிலோமீட்டர். அணில் கம்பியானால் 20 × 1.4 = 28 வோல்ட் வழியிலேயே செலவாகிவிடும். முயல் கம்பியானால் 11 வோல்ட் மாத்திரம் போகும். திரும்பும் கம்பியைக் கணக்கில் சேர்க்க மறப்பது பலரும் செய்யும் பிழை; அதனால் விடை சரிபாதியாகிவிடுகிறது.

இதுவரை கூறியது கம்பி நல்ல நிலையில் இருக்குமானால் நேருவது. கடலோரத்தில் கம்பியைவிட இணைப்புகளே முதலில் கெடுகின்றன. அலுமினியத்தின்மீது இயல்பாகவே மெல்லிய துரு படர்ந்து நிற்கும். அத்துரு மின்சாரத்தைக் கடத்தாது. உப்பு கலந்த ஈரக் காற்று படும்போது, அலுமினியமும் செம்பும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஒரு சிறு மின்கலமே உண்டாகி அலுமினியம் அரிக்கப்படுகிறது. வெளியே முறுக்கு இறுக்கமாகத் தோன்றினாலும் உள்ளே உலோகம் உலோகத்தைத் தொடும் பரப்பு நாளடைவில் சுருங்கிப்போகிறது. கண்ணுக்குத் தெரியாத இக்கேட்டினைக் கணக்கு காட்டிக்கொடுக்கும்.

முன்கூறிய வீடுகளுக்கே இரண்டு வயர்மேன்கள் ஒரே நேரத்தில், ஒருவர் டிரான்ஸ்பார்மரிலும் மற்றவர் கடைசிக் கம்பத்திலுமாக, அளவு எடுக்கிறார்கள் என்று கொள்வோம். டிரான்ஸ்பார்மரில் 228 வோல்ட். கடைசியில் 176 வோல்ட். கம்பியைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் மீட்டரில் 20 ஆம்பியர். வித்தியாசம் 52 வோல்ட். 52 ÷ 20 = 2.6 ஓம். அணில் கம்பியின் நீளத்திற்கு நியாயமாக இருக்க வேண்டிய தடை 1.4 ஓம் அல்லவா? மிகுதி 1.2 ஓம் கம்பியினுடையதன்று. அது ஜம்பர்களிலும் முறுக்குகளிலும் ஒளிந்திருக்கிறது. அதன் உஷ்ணம் 20 × 20 × 1.2 = 480 வாட். கொதிநீர்ச் சுருளின் பாதிச் சக்தி கம்பத்தின் உச்சியில் காற்றைச் சூடாக்குவதில் வீணாகிறது. மாலை ஐந்து மணி நேரத்தில் 2.4 யூனிட் இவ்வாறு அழியும். அந்த 480 வாட்டும் பல இணைப்புகளில் பரவியிருந்தால் ஒருவேளை கேடு மெல்ல வரும்; ஒரே இணைப்பில் திரண்டிருந்தால் அது சிவக்கப் பழுத்துப் பொறி பறந்து கம்பி அறுந்து விழும். அறுந்த கம்பி கிடக்கும் ஈர மணலில் விடியற்காலை வலையெடுத்துச் செல்பவர் காலை வைக்கிறார்.

இவ்வகையில் நியூட்ரல் கம்பியின் இணைப்பு கெடுவது தனிப்பட்ட அபாயம். மும்முனைக் கம்பிகளில் வீடுகள் பங்கிட்டுக் கட்டப்பட்டிருக்கும்போது நியூட்ரல் நழுவினால், சுமை மிகுந்த முனையிலுள்ள வீடுகளில் வோல்ட் தாழும். சுமை குறைந்த முனையிலுள்ள வீடுகளில் 300 வோல்ட்டுக்கு மேலும் ஏறலாம். ஒரே தெருவில் ஒரு வீட்டில் விளக்கு மங்கவும் அடுத்த வீட்டில் கண்கூசப் பிரகாசிக்கவும் கண்டால் உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு லைன்மேனுக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

இத்தனை நஷ்டம் அரைக் கிலோமீட்டரில் உண்டாகுமானால் நெடுந்தூரம் மின்சாரம் எவ்வாறு வருகிறது என்னும் கேள்வி எழும். லைட்ஹவுஸ் குப்பத்திற்குத் தெற்கே சுமார் இருபது கிலோமீட்டரில் அத்திப்பட்டை அடுத்து வடசென்னை அனல் மின்நிலையம் இருக்கிறது. 1994 முதல் அங்கே இயங்கத் தொடங்கிய யந்திரங்கள் ஒவ்வொன்றும் 210 மெகாவாட், அதாவது 21 கோடி வாட் திறனுடையவை. அவற்றுள் ஒன்றின் சக்தியை 230 வோல்ட்டிலேயே அனுப்புவதாயின் 21 கோடியை 230-ஆல் வகுக்க, ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஆம்பியர் ஓட வேண்டும். அதைத் தாங்கும் கம்பி உலகத்தில் இல்லை. வோல்ட்டை ஆயிரம் மடங்கு ஏற்றினால் அதே சக்திக்கு ஆம்பியர் ஆயிரத்தில் ஒரு பங்காகும். வழியில் ஏற்படும் உஷ்ணம் பத்து லட்சத்தில் ஒரு பங்காகும். 1932-இல் நீலகிரியின் பைக்காராவில் பிறந்த மின்சாரம் கோயம்புத்தூர் ஆலைகளையும் தோட்டக் கிணறுகளையும் எட்டியதும், 1937-இல் மேட்டூரும் 1944-இல் பாபநாசமும் அதைத் தொடர்ந்ததும் இந்த வர்க்கக் கணக்கின் பலத்தினாலேயே. இதிலிருந்து கிராமத்தார் அறிய வேண்டியது ஒன்றுண்டு. டிரான்ஸ்பார்மர் ஊருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு டிரான்ஸ்பார்மருக்கும் கடைசி வீட்டிற்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் தடை பாதியாகிறது. புதிய டிரான்ஸ்பார்மர் எங்கே நாட்டப்பட வேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் வாதம் வரும்போது, இடம் கொடுப்பவர் யார் என்பதைவிடச் சுமையின் நடுவிடம் எது என்று பார்ப்பதே முறை.

இனி மோட்டாருக்கு வருவோம். மேலே கண்ட மின்சுருளுக்கு வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறைந்தது. அதை அறிந்தவர், பம்ப் மோட்டாருக்கும் அப்படியே நேரும், வோல்ட் தாழ்ந்தால் ஓட்டமும் தாழ்ந்து மோட்டார் குளிர்ச்சியாக ஓடும், ஜலம் மாத்திரம் சற்றுக் குறையும் என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணமே பல மோட்டார்களை எரித்திருக்கிறது.

மோட்டார் உயிருள்ள மாட்டைப் போன்றது; ஏற்றிய பாரத்தை இழுத்தே தீரும். ஐந்து குதிரைச் சக்தி மும்முனை மோட்டார் ஒன்று தண்டில் தரும் வேலை 5 × 746 = 3,730 வாட். உள்ளே உஷ்ணமாகவும் உராய்வாகவும் சிறிது நஷ்டமாவதால் அது கம்பியிலிருந்து ஏறக்குறைய 4,430 வாட் எடுத்துக்கொள்ளும். மும்முனையில் சக்தியைக் கணக்கிட வோல்ட்டையும் ஆம்பியரையும் 1.732-ஐயும் பெருக்கி, அதைப் பவர் பேக்டர் எனப்படும் பின்னத்தாலும் பெருக்க வேண்டும். மோட்டாரின் காந்தச் சுருள்கள் ஓட்டத்தில் ஒரு பகுதியை வேலைக்கு உதவாமல் போக்குவரத்தாக வைத்திருப்பதால் இப்பின்னம் அவசியமாகிறது, சாதாரணமாக 0.8 என்று கொள்ளலாம். 415 வோல்ட்டில் 7.7 ஆம்பியர் ஓடினால், 1.732 × 415 × 7.7 × 0.8 என்பது சுமார் 4,430 வாட். கணக்கு பொருந்துகிறது.

இப்போது கடைமடையில் 340 வோல்ட் மாத்திரம் வருகிறதென்போம். கிணற்றின் ஆழம் மாறவில்லை; பம்பு கேட்கும் வேலை அநேகமாக அதே. ஆகவே மோட்டார் அதே 4,430 வாட்டைப் பெறுவதற்கு ஓட்டத்தை உயர்த்திக்கொள்கிறது: 4,430 ÷ (1.732 × 340 × 0.8) = 9.4 ஆம்பியர். ஓட்டம் 7.7-லிருந்து 9.4-க்கு ஏறியது. சுருளின் உஷ்ணமோ வர்க்கத்தின்படி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. தொட்டால் கை பொறுக்கக்கூடிய சூட்டில் ஓட வேண்டிய மோட்டார், மேற்பூச்சு கருகி நாற்றமெடுக்கும் நிலைக்கு வருவது இதனால்தான். நீர்மூழ்கி மோட்டாராயின் நாற்றமும் மேலே வராது.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து மோட்டார்ச் சுருளின் தடையைக் காணலாமோ எனில், ஓடும் மோட்டாரில் அது கூடாது. சுருளின் உண்மையான செம்புத் தடை சில ஓம் மாத்திரமே. மோட்டார் சுழலும்போது அதற்குள்ளேயே எதிர் அழுத்தம் ஒன்று பிறந்து, வரும் அழுத்தத்தின் பெரும்பகுதியைத் தடுத்து நிற்கிறது. சுழற்சி நின்றால் அவ்வெதிர் அழுத்தமும் மறைகிறது. ஓட்டம் ஐந்தாறு மடங்கு எகிறுகிறது. ஸ்டார்ட்டரை அழுத்தியவுடன் தெருவிளக்குகள் ஒரு கணம் மங்குவதும், வோல்ட் போதாமல் மோட்டார் உறுமி நின்றால் சில நிமிஷங்களில் சுருள் கருகுவதும் இக்காரணத்தினாலேயே. அத்தருணத்தில் காப்பாற்றுவது ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோட் ரிலே ஒன்றே. அது அடிக்கடி விழுகிறதென்று அதன் திருகை ஏற்றி வைப்பதும், பியூஸில் ஒற்றைக் கம்பிக்குப் பதிலாக மூன்று இழை முறுக்கிப் போடுவதும் கிராமங்களில் காணப்படும் பழக்கங்கள். காவற்காரன் கூவுகிறான் என்று அவன் வாயைக் கட்டுவதற்கு இது ஒப்பாகும். 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயப் பம்ப்செட்டுகளுக்கு மின்சாரக் கட்டணம் இல்லையாதலால், உஷ்ணமாகப் போகும் யூனிட்டுக்காகக் குடியானவர் பணம் கொடுப்பதில்லை. காயில் கட்டும் செலவையும், மோட்டார் கடைக்குப் போய்த் திரும்பும் வரை வாடும் நாற்றையும் அவரே ஏற்கிறார்.

குழாய்க் கிணற்றில் இறங்கும் கேபிளும் இக்கணக்கிற்கு உட்பட்டதே. அது 150 மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளாயின், முன்கூறிய ஐந்து குதிரைச் சக்தி மோட்டாருக்கு அதில் ஏறக்குறைய 15 வோல்ட் குறைந்து 200 வாட் அளவு வீணாகும். 4 சதுர மில்லிமீட்டரானால் 9 வோல்ட்டும் 120 வாட்டுமாகக் குறையும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்ததனால் கிணறுகளை மாற்றியும் ஆழப்படுத்தியும் வரும் விவசாயிகள், ஆழம் கூடும்போது பழைய கேபிளையே ஒட்டுப்போட்டு நீட்டுவதற்கு முன் இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். ஜலத்திற்குள் கிடக்கும் ஒட்டு, கம்பத்து உச்சியிலுள்ள ஜம்பரைவிடச் சீக்கிரம் கெடும்.

ஓம் விதி மிகக் கடுமையாகப் பேசும் இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. அது மனித உடல். உலர்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம் இருக்கும். உப்பு நீரில் நனைந்த கையும் வெறுங்காலுமாக நிற்பவருக்கு அது ஆயிரம் ஓம் அளவிற்கு இறங்கிவிடலாம். 230 ÷ 1,000 = 0.23 ஆம்பியர். இருதயத்தின் துடிப்பைக் குலைப்பதற்கு இதில் பாதியும் வேண்டியதில்லை. ஒரு சிறிய விளக்கு எரியப் போதிய ஓட்டம் ஒரு மனிதரைக் கொல்லப் போதுமானது.

இதற்குக் காவலாக மோட்டாரின் இரும்பு உடலை எர்த் குழாயுடன் இணைக்கிறார்கள். இணைத்தால் அபாயம் தீர்ந்தது என்று எண்ணுவது தவறு. எர்த்தின் தடை எவ்வளவு என்பதே கேள்வி. மோட்டாரின் உள்ளே கம்பி தோலுரிந்து இரும்பைத் தொட்டுவிட்டதென்று வைத்துக்கொள்வோம். எர்த் வழியின் மொத்தத் தடை 20 ஓம் எனில் ஓடும் ஓட்டம் 230 ÷ 20 = 11.5 ஆம்பியர். பியூஸ் 15 ஆம்பியருக்குரியதாயின் அது எரியாது. மோட்டாரும் ஒருவேளை ஓடிக்கொண்டேயிருக்கும். அதன் உடல்மீதோ உயிரைக் குடிக்கும் மின்சாரம் நிற்கும். தடை 2 ஓமாக இருந்தால் 115 ஆம்பியர் பாய்ந்து பியூஸ் அக்கணமே அறுந்திருக்கும். ஒரே பியூஸ், ஒரே பழுது. நடுவிலுள்ள வேற்றுமை எர்த் குழாயின் தடை ஒன்றுதான்.

மணற்றிட்டில் மேல்மணல் உலர்ந்திருக்கும்வரை மின்சாரம் அதில் இறங்காது; அடியிலுள்ள உப்பு ஈரமோ மிகச் சிறந்த கடத்தி. ஆகையால் குழாய் ஈரப் படுகையை எட்ட வேண்டும். அதே உப்பு குழாயையும் அதன் கம்பியையும் சில ஆண்டுகளில் அரித்துவிடுமாதலால் கடலோரங்களில் நாகப்பூச்சு கொண்ட கனத்த குழாயே தக்கது. வருஷத்துக்கு ஒரு முறையேனும் எர்த்தின் தடையை அளந்து பார்க்க வேண்டும். இன்று எளிதில் கிடைக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுக் காவல் சுவிட்ச், 0.03 ஆம்பியர் வழிதவறி மண்ணுக்குப் போனாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஏரிக்கரை வீடுகளிலும், ஈரக் கையுடன் சுவிட்சைத் தொட நேரும் மீன் பதனிடும் கொட்டகைகளிலும், பம்ப் அறைகளிலும் இது ஆடம்பரப் பொருளன்று.

கிராம அதிகாரிகளும் ஊராட்சியாரும் மனு எழுதும்போது என்னென்ன எண்களைச் சேர்க்க வேண்டுமென்பது இப்போது விளங்கும். 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகள் வீடுகளுக்கும் பம்ப்செட்டுகளுக்கும் தரப்படும் அழுத்தம் நூற்றுக்கு ஆறுக்குமேல் ஏறவோ இறங்கவோ கூடாதென்று வகுத்தன. அதன்படி 230 வோல்ட் என்பது 216-க்குக் கீழும், 415 வோல்ட் என்பது 390-க்குக் கீழும் போதல் கூடாது. மீட்டரை வைத்து அளப்பதை உரிமம் பெற்ற வயர்மேன் அல்லது லைன்மேனைக் கொண்டே செய்விக்க வேண்டும். உயிருள்ள கம்பியில் குடியானவர் தாமே கைவைத்தல் ஆகாது. நள்ளிரவுக்குப் பின் ஓட்டம் மிகக் குறைந்த வேளையில் ஓர் அளவும், மாலை ஏழு மணியளவில் சுமை உச்சத்தில் இருக்கும்போது ஓர் அளவும், ஒவ்வொன்றிலும் டிரான்ஸ்பார்மர் அருகிலும் கடைசிக் கம்பத்திலும் ஒரே நேரத்தில் எடுத்த வோல்ட்டும், அப்போது ஓடிய ஆம்பியரும், கம்பியின் வகையும் நீளமும் எழுதப்பட வேண்டும்.

ஓட்டம் இல்லாதபோது தடை வோல்ட்டை விழுங்க முடியாது. ஆகவே இரவில் இரு முனைகளிலும் 230-ஐ ஒட்டிக் காட்டி, மாலையில் டிரான்ஸ்பார்மரில் 228-ம் கடைசியில் 176-ம் காட்டினால், குற்றம் நடுவிலுள்ள கம்பியிலோ இணைப்பிலோ இருக்கிறது. அவ்விரண்டில் எது என்பதை முன்காட்டிய வகுத்தல் பிரித்துக் கூறும்: விடை கம்பியின் நீளத்திற்குரிய ஓமுடன் ஒத்திருந்தால் கம்பியைப் பெரிதாக்கவோ டிரான்ஸ்பார்மரை அருகில் கொண்டுவரவோ கேட்க வேண்டும், மிஞ்சியிருந்தால் ஜம்பர்களைப் பிரித்துத் துலக்கி, செம்பும் அலுமினியமும் சேருமிடங்களில் அதற்கென்றே செய்யப்பட்ட இரட்டை உலோகப் பிடிப்பிகளைப் பூட்டினால் போதும், அது ஒரு நாள் வேலை. மாலையில் டிரான்ஸ்பார்மரிலேயே 190 காட்டினால் கீழுள்ள கம்பிகளைக் குறை கூறுவதில் பயனில்லை. அப்போது டிரான்ஸ்பார்மர் அதன் திறனுக்கு மேல் சுமக்கிறதா, உயர் அழுத்தக் கம்பியிலேயே வோல்ட் தாழ்ந்து வருகிறதா என்று பார்க்கும்படி உதவிப் பொறியாளருக்கு எழுத வேண்டும்.